மாப்பிள்ளை வீட்டுத் துணி துவைக்கிற கல்

ஒன்றின் மேல் உயிரையே வைத்திருப்பவனுக்குத் தமிழில் பெயருக்கா பஞ்சம்? பொன்னாடை போர்த்தும்போது ஆர்வலர். டீக்கடையில் கிறுக்கன். சொந்த வீட்டில் பைத்தியம். நான் கல்வெட்டு ஆர்வலர். (உத்திரமேரூரில் பிறந்தவனுக்கு வேறு என்ன வியாதி வரும்?)

என் தங்கை கலாவுக்குப் பழையசீவரம் பக்கம் வரன் அமைந்தது. பையனும் அவளும் தினமும் போனில் பேசுமளவுக்குப் பிடித்துப்போயிருந்தது. மிச்சமிருந்தது ஒன்றுதான்: நாங்கள் போய் மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்க வேண்டும். ஒரு வேளை சாப்பிட்டு எழுந்தால் சம்பந்தம் உறுதி.

இலை போட்டுவிட்டார்கள். கை கழுவக் கொல்லைப்பக்கம் போனேன். கழுவிவிட்டுத் திரும்பியிருக்கலாம். துணி துவைக்கிற கல்லில் எழுத்து தெரிந்தது. அவ்வளவுதான், பசி, தங்கை, சம்பந்தம் எல்லாம் மறந்துபோனது. ஜன்னலில் இருந்த கோலமாவை அள்ளிக் கல்லில் தேய்த்தேன். எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. "நைனா! எல்லாரும் வாங்க!" என்று அப்பாவைக் கூப்பிட்டுக் கத்தினேன்.

இலையை விட்டு ஓடிவந்தவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். கோயிலுக்கு விட்ட தர்மத்தைக் கெடுத்தவன், கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற தோஷத்திலே போவான்.

மாப்பிள்ளையின் அம்மா முகம் வெளுத்தது. "இன்னாபா சொல்ற? போன மாசந்தான் எங்க பசு செத்துச்சு. சாபமா கீது இது?"

அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். "சாபந்தான். ஆனா சோழர் காலத்துது இல்லீங்க, ரொம்பப் பின்னாடி" என்று விளக்கம் வேறு கொடுத்தேன்.

"சம்பந்தம் பேச வந்துட்டு சாபம் வுட்டுக்கினு கீறான்! எலைய எடுங்கடி!" என்று அந்தம்மா உள்ளே பார்த்துக் கத்தினார்.

வெறும் வயிற்றோடு பஸ் ஏறினோம். வீட்டில் காத்திருந்த கலா கேட்டாள்: "அந்தக் கல்லு எங்கண்ணா ஓடிடப் போவுது? சாப்ட்டுட்டுப் பாத்திருக்கக் கூடாதா?"

அந்தப் பையன் அப்புறம் அவள் போனை எடுக்கவேயில்லை. அந்தக் கல்லைக் கண்டுபிடித்ததற்காக ஒரு கூட்டத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கலா வரவில்லை.

மூன்று வருடம் கழித்து அவளுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆனது. (கை நனைக்க என்னைக் கூப்பிடவில்லை.) போன மாதம் புதுமனை புகுவிழாவுக்குப் போன் செய்து அழைத்தாள்.

"தைரியமா வாண்ணா. வூடு பூரா டைல்ஸ். துவைக்க வாஷிங் மிஷினு கீது."

பின்னால் அவள் வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். போனை வைக்கும் முன் குரலைத் தணித்துச் சொன்னாள்: "வந்ததும் மொதல்ல சாப்ட்டுடு."