அமுத்து நைனா தராத சாவி

சென்னையில் பிரேக் போட்டதும் நிற்கிற கார்களில் பாதி, அமுத்து நைனாவின் வாய்க்குப் பயந்துதான் நிற்கின்றன. மீதிப் பாதி இன்னும் அவரிடம் மாட்டவில்லை, அவ்வளவுதான்.

மந்தைவெளியில் எங்கள் தெருவுக்குப் பின்புறம் ஒரு தகரக் கொட்டகை. அதுதான் அவருடைய ஷெட். இன்ஜினைத் தொடமாட்டார், ஏசி பக்கம் திரும்பமாட்டார். பிரேக் மட்டும்தான். அந்த வேலைக்கோ இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் சக்கரத்தருகே படுத்து, பிரேக் குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். நைனா சம்பளத்துக்கு ஆள் வைத்துக்கொள்ளவில்லை. வந்து மாட்டியவர்தான் ஆள். வக்கீலோ, வங்கி மேனேஜரோ, வழி கேட்க வந்த கூரியர்காரரோ, யாராயிருந்தாலும் டிரைவர் சீட்டில் ஏற்றிவிட்டு, கீழே படுத்துக்கொண்டு "அமுத்து" என்பார். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் அரை மணி நேரம் அமுத்திவிட்டு, நொண்டிக்கொண்டே இறங்கி நன்றி சொல்லிப் போனதை நானே பார்த்திருக்கிறேன். அவர் எல்லோரையும் நைனா என்பார். நாங்கள் அவரை அமுத்து நைனா என்போம். சொந்தப் பெயர் என்னவென்று கேட்கும் துணிச்சல் எவருக்கும் வந்ததில்லை.

நான் மாட்டியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் காலை திருப்பதி. எங்கள் பெண் குழந்தை காய்ச்சலில் கிடந்து பிழைத்ததற்கு முடியிறக்குவதாக என் மனைவி கல்யாணி வேண்டிக்கொண்டிருந்தாள். தரிசன டிக்கெட்டுக்காக அவள் கம்ப்யூட்டரோடு போட்ட சண்டை தெருவுக்கே தெரியும். காரில் போவதாக ஏற்பாடு.

காரின் பிரேக் பெடல்தான் ரசத்தில் ஊறிய வடை மாதிரி மெத்தென்று இறங்கும். இரண்டு தடவை மிதித்தால் பிடிக்கும். நானும் பல மாதமாக இரண்டு தடவை மிதித்துக்கொண்டு, வண்டியின் சுபாவமே அப்படித்தான் என்று சமாதானமாக இருந்தேன். மலைப்பாதை என்பதால் ஒரு பார்வை பார்த்துவிடலாமே என்றுதான் போனேன். இரண்டாவது மிதியில் ஜோராகப் பிடிக்கும் என்று நைனாவிடம் பெருமையாகவும் சொல்லிவைத்தேன்.

"ரெண்டாவது மிதி வரிக்கும் முன்னாடி போறவன் வெய்ட் பண்ணுவானா நைனா?" என்றார்.

உட்கார வைத்தார். அமுத்து என்றார், அமுத்தினேன். புடி என்றார், பிடித்தேன். அந்த நேரம் பார்த்துக் கல்யாணி போனில் கூப்பிட, காலை எடுத்துவிட்டேன். வெளியே போன காற்று மறுபடி உள்ளே புகுந்துகொண்டது. மறுபடி முதலிலிருந்து. இரண்டாவது தடவை கொசு கடித்தது. நைனா எழுந்து வந்து என் வலது காலையே சிறிது நேரம் பார்த்தார். அந்தக் காலை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

போனை எடுக்காததால் கல்யாணியே குழந்தையோடு வந்துவிட்டாள். நைனா குழந்தையை என்னிடம் கொடுக்கச் சொல்லி, அவளை உட்கார வைத்தார். அவள் ஒரே மூச்சில் நாலு சக்கரத்துக்கும் அமுத்திக் கொடுத்தாள். பெடல் கல்லாகிவிட்டது. நான் சாவிக்குக் கை நீட்டினேன். காலை எடுக்காமல் அப்படியே அமுத்திக்கொண்டிருக்கும்படி அவளிடம் சொல்லிவிட்டு, நைனா சாவகாசமாக டீ குடித்தார். டீ முடிவதற்குள், "பெடல் கீழே இறங்கறது" என்றாள் கல்யாணி.

வெளியே ஒரு சொட்டு ஆயில் ஒழுகவில்லை. அப்படியென்றால் மிதிக்கிற அழுத்தத்தைச் சக்கரங்களுக்கு அனுப்புகிற மாஸ்டர் சிலிண்டருக்குள்ளே ரப்பர் போய்விட்டது, அதை மாற்ற வேண்டும், ஞாயிற்றுக்கிழமை ஜி.பி. ரோட்டில் உதிரிபாகக் கடை திறக்காது. இவ்வளவையும் சொல்லிவிட்டு நைனா என் சாவியை எடுத்து லுங்கி மடிப்பில் செருகிக்கொண்டார். அங்கிருந்து அதை எடுக்க நான் யார்?

கெஞ்சினேன். மெதுவாகப் போகிறேன் என்றேன். கடைசியில் இது என் வண்டி, போலீசைக் கூப்பிடுவேன் என்று கத்தினேன். கூப்பிடு, அந்த ஜீப்புக்கும் பிரேக் பார்த்தவன் நான்தான் என்றார். துணைக்குக் கல்யாணியைப் பார்த்தேன். டிக்கெட்டுக்காக அவ்வளவு பாடுபட்டவள் ஆயிற்றே, அவரை ஒரு பிடி பிடிப்பாள் என்று நம்பினேன்.

அவள் என்னைத்தான் பிடித்தாள். "இந்த வண்டியிலயா என்னையும் கொழந்தையையும் வெச்சிண்டு ஊரெல்லாம் சுத்தினேள்?"

பஸ்ஸில் போனோம். குழந்தைக்கு மொட்டை அடித்தோம். மலை இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் நான் டிரைவரின் வலது காலையே பார்த்துக்கொண்டு வந்தேன். மனிதர் ஒரு தடவைதான் மிதித்தார். வெட்கமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கல்யாணியும் நானும் லட்டோடு ஷெட்டுக்குப் போனால் காரையும் காணோம், நைனாவையும் காணோம். நம்மை பஸ்ஸில் அனுப்பிவிட்டு இவர் நம் வண்டியில் ஊர்கோலம் போகிறாரா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்போது கார் வந்து, எங்களுக்குச் சரியாக மூன்றடி முன்னால் கப்பென்று நின்றது. நைனாவுக்குப் பக்கத்து சீட்டில், கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவர் மனைவி. ரப்பரை மாற்றிவிட்டு, பிரேக்கைச் சோதிக்கப் பெசன்ட் நகர் கடற்கரை வரை போய்வந்தார்களாம். குறுக்கே ஆளும் இல்லை, மாடும் இல்லை, பத்தடிக்கு ஒரு பிரேக் போட்டு இடுப்பை ஒடித்துவிட்டாரென்று அந்தம்மாள் திட்டிக்கொண்டே இறங்கினார்.

"கண்ணாலம் ஆன நாள்லேர்ந்து இந்த மன்சன் என்ன இட்டுக்கினு போறதெல்லாம் இப்டித்தாம்மா" என்று கல்யாணியிடம் முறையிட்டார்.

அந்தம்மாள் எதற்குக் கூட வர வேண்டும் என்று நைனாவைக் கேட்டேன். நைனா சாவியைத் துடைத்துக் கல்யாணியிடம் கொடுத்தார்.

"எங்க ஊட்டம்மாவ குந்தவெச்சி ஓட்டாத வண்டில, உங்க ஊட்டம்மாவையும் கொயந்தையையும் எப்டி நைனா ஏத்துவேன்?"

லட்டை அவரிடம் நீட்டினேன்.

இப்போது புதுக் கார் வாங்கிவிட்டோம். கிண்டிப் பக்கம் ஏசி போட்ட சர்வீஸ் சென்டரில் காபி தருகிறார்கள், டிக் போட்ட காகிதம் தருகிறார்கள். மரியாதையாக வாங்கிக்கொண்டு நேரே மந்தைவெளிக்கு ஓட்டி வருகிறேன். அந்தம்மாள் நைனாவோடு ஒரு ரவுண்டு போய்த் திட்டிக்கொண்டே இறங்கிய பிறகுதான் என் வீட்டார் அதில் ஏறுகிறார்கள்.