துளசி டீச்சருக்குக் கிடைத்த மரியாதை

"டீச்சர், அது போர்டு இல்ல, டிவி!" என்று வகுப்பே கத்தியபோது துளசி டீச்சர் 'அம்மா' என்று எழுதி முடித்து, அடியில் கோடும் போட்டிருந்தாள். அழியாத மை வேறு.

வகுப்பை விட்டு ஒன்பது வருஷம் கோலா சிலாங்கூரில் ஒரு கல்வி ஆபீசில் பைல் தூக்கிவிட்டு, கெஞ்சிக் கூத்தாடி இந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்தவள். பெரிய வாத்தியார் சிவானந்தம் "இவங்க சரிப்பட மாட்டாங்க" என்று ஒரு வரி எழுதினால் போதும், மறுபடி அதே ஆபீஸ், அதே பைல். சாகும்வரை வகுப்புப் பிள்ளைகள் முகத்தைப் பார்க்க முடியாது.

அவளையும் குற்றம் சொல்ல முடியாது. பலகை இருந்த இடத்தில் டிவியை மாட்டினால் மனுஷன் எழுதத்தானே செய்வான்?

"தண்ணி போட்டுத் துடைங்க டீச்சர்," என்றாள் ஒருத்தி. போகவில்லை.

"தின்னர் போட்டா போயிடும். எங்கப்பா லோரிக்கு அதான் போடுவாரு," என்றான் குகன்.

ஸ்டோரில் தின்னர் இருந்தது. ஊற்றித் தேய்த்தாள். 'அம்மா' போய்விட்டது. கூடவே திரையின் பளபளப்பும் போய், மாவு பூசினாற்போல் வெளுத்து நின்றது.

அந்நேரம் பார்த்து சிவானந்தம் எட்டிப் பார்த்தார். துளசிக்கு உயிர் போய் வந்தது.

"நல்லதாப் போச்சு டீச்சர். டிவி பிள்ளைங்க கண்ணுக்குக் கெடுதல்," என்று சிரித்துக்கொண்டே போனார்.

பெரிய வாத்தியார் சிரித்தால் நம்பக் கூடாது. துளசியும் நம்பவில்லை.

இனி டிவியே வேண்டாம் என்று பிள்ளைகளைத் திடலுக்கு, மரத்தடிக்கு ஓட்டிப் போனாள். பாடம் நன்றாகத்தான் போனது, ஓர் உடும்பு குறுக்கே வரும்வரை. மொத்த வகுப்பும் அதைத் துரத்திக்கொண்டு செம்பனைத் தோப்புக்குள் பாய்ந்தது.

"டேய் குகா! வாங்கடா!"

ஒருவனும் திரும்பவில்லை. தொண்டை கட்டிக்கொண்டது. அந்தக் காலத்தில் மணி அடித்தால் வருவார்கள். மணியைத் தேடினாள். பள்ளிக்கூடச் சுவரில் ஒரு சிவப்புப் பொத்தான்தான் இருந்தது. அமுக்கினாள்.

அது நெருப்பு அலாரம்.

ஊளையிட்டது பாருங்கள், பள்ளிக்கூடமே திடலுக்கு ஓடி வந்து வரிசையில் நின்றது. அவளோடு இங்கேயே வந்து சேர்ந்திருந்த அவள் பெற்ற மூன்று பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். அம்மாவை யாரென்றே தெரியாததுபோல் வேறு பக்கம் பார்த்தார்கள். தோட்டத்து ஆட்கள் குலை வெட்டுவதைப் போட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் பறந்து வந்தார்கள். அவர்களை மேய்க்கும் மண்டோர் காளியண்ணன் கையில் வாளி; தண்ணீரெல்லாம் வழியிலேயே சிந்திவிட்டது.

"எங்க டீச்சர் நெருப்பு?"

"நெருப்பு இல்லண்ணே... உடும்பு."

"உடும்புக்கா அலாரம் அடிச்சீங்க?"

குகனும் மற்றவர்களும் சேறு பூசிக்கொண்டு செம்பனையிலிருந்து வெளியே வந்தார்கள். அதற்குள் தன் அறையிலிருந்து சிவானந்தம் மூச்சிரைக்க ஓடி வந்தார். தொலைந்தோம் என்று துளசி கண்ணை மூடிக்கொண்டாள்.

"அருமையான ஒத்திகை டீச்சர்! சொல்லாம கொள்ளாம செஞ்சீங்க பாருங்க, அதுதான் ஒத்திகை!" என்று கைதட்டினார். ஒன்றும் புரியாமல் தோட்டத்து ஆட்களும் தட்டினார்கள்.

அதற்குமேல் துளசியால் தாங்க முடியவில்லை. நேரே அவர் அறைக்குப் போனாள்.

"சார், எனக்கு இந்த வேலை மறந்துபோச்சு. நானே மாற்றல் கேட்டுப் போயிடுறேன்."

சிவானந்தம் நாற்காலியிலிருந்து எகிறிக் குதித்து வாசலை மறித்தார்.

"போறதாவது! உங்கள மாதிரி டீச்சர் எனக்கு எங்க கிடைப்பாங்க? நீங்க கூரையக் கொளுத்தினாலும் இங்கதான் இருக்கணும்லா!"

துளசிக்குக் கண் கலங்கிவிட்டது. வெளியே வாசல் கூட்டிக்கொண்டிருந்த பள்ளிக்கூடத்து ஆயா நவமணியிடம் ஓடினாள்.

"பாத்தீங்களாக்கா? என் திறமைக்கு எவ்வளவு மதிப்பு!"

நவமணி விளக்குமாற்றைத் தரையில் தட்டினாள்.

"திறமையா? நீங்க போனா உங்க மூணு பிள்ளைங்களும்ல கூடவே போயிடும் டீச்சர். பிள்ள பத்தலன்னு மூட இருந்த பள்ளிக்கூடம்லா இது!"