மைதானம் காத்த ஏழு பேர்

உத்தமபாளையத்தில் ஒரு மைதானம் இருக்கிறது. மைதானம் என்று ஒன்று இருந்தால் அதைப் பாதுகாக்க ஓர் அலுவலகம் இருக்க வேண்டும் என்பது ஆளத் தெரிந்தவர்கள் எல்லோரும் அறிந்த உண்மை. ஆகவே மைதானத்தை ஒட்டியே ‘மைதானப் பாதுகாப்பு அலுவலகம்’ என்று ஒன்றை முறைப்படி ரிப்பன் வெட்டித் திறந்தார்கள். மைதானத்துக்கு யாரால் ஆபத்து என்று அலுவலகம் தீர ஆராய்ந்தது. விளையாட வருகிறவர்களால்தான் என்று தெரியவந்தது. உடனே சுற்றிலும் கம்பிவேலி போட்டு, கேட்டுக்குப் பூட்டுப் போட்டு, சாவியைக் கண்காணிப்பாளர் பலவேசத்தின் தலைக்குமேல் ஆணியில் மாட்டினார்கள். அன்று முதல் புல் செழிப்பாக வளர்ந்தது.

இதில் அடிபட்டவர் தங்கப்பாண்டியன். பைபாஸில் பம்புசெட் மோட்டார் கடை வைத்திருப்பவர்; ஆனால் ஊரில் அவரை ஃபுட்பால் கிளப் செயலாளர் என்றால்தான் தெரியும். மைதானம் பூட்டப்பட்டபின் அவருடைய பயல்கள் ஒரு தென்னந்தோப்பில் பழகினார்கள். மரத்தை ஏமாற்றிப் பந்தைக் கொண்டுபோவதில் அவர்களுக்கு ஈடு கிடையாது. ஆளை ஏமாற்றத்தான் பழக்கமில்லை. எதிரில் வந்தவன் நகர்ந்தால் திகைத்து நின்றுவிடுவார்கள்.

அந்த வருஷம் மாநில லீக்கில் சேர அவர்களுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. பங்குனி முடிவதற்குள் ‘இந்த மைதானத்தில் ஆட ஆட்சேபணை இல்லை’ என்று ஒரு காகிதம் காட்ட வேண்டும். அவ்வளவுதான் கேட்டார்கள். தங்கப்பாண்டியன் தீபாவளியிலிருந்து அந்தக் காகிதத்துக்கு நடந்தார். குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குப் போய் எள் விளக்கும் போட்டார். சனி விலகினாலும் விலகும், எழுத்தர் ஈஸ்வரபாண்டி விலகமாட்டார் என்பது ஊரில் வழங்கும் பேச்சு. இந்த லீக்கும் கைவிட்டுப் போனால் பயல்கள் ஆளுக்கொரு திசையில் திருப்பூருக்கும் எஸ்டேட்டுக்கும் போய்விடுவார்கள் என்று அவருக்குத் தெரியும்.

இப்படி இருக்கையில், கூடலூர்ப் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்துக்கு மோட்டார் பார்க்கப் போனார். பந்தலுக்குக் கீழே நெட்டையாக ஒரு வெள்ளைக்காரர் நின்று பன்னீர் திராட்சையைக் கொத்துக் கொத்தாகத் தின்றுகொண்டிருந்தார். விசாரித்தால், டென்மார்க் நாட்டு அணிக்குப் பத்து வருஷம் தடுப்பாட்டம் ஆடியவராம். பெயர் மோகன்ஸ். ஊர் வாயில் அது அன்று சாயங்காலமே மோகன் சார் ஆகிவிட்டது.

ஆடிய காலத்தில் மோகன் சாரைத் தாண்டிக் காற்றுகூடப் போகாதாம். பயிற்சியாளர் ஆனபிறகு அவருடைய அணிகள் கோல் வாங்குவதும் இல்லை, போடுவதும் இல்லை. பார்க்க வந்தவர்கள் தூங்கினார்கள். தூங்குவதற்கு எதற்கு டிக்கெட் என்று கேட்டு, வேலையை விட்டு நீக்கினார்கள். டென்மார்க்கில் ஒரு கிளப், சைப்ரஸில் ஒன்று, வளைகுடாவில் ஒன்று என்று படிப்படியாகத் தெற்கே இறங்கி, கடைசியில் கேரளத்திலும் ஒரு கிளப்பில் வேலை போய், ஊர் திரும்புமுன் மலையிறங்கித் திராட்சை தின்ன வந்திருந்தார்.

தங்கப்பாண்டியன் மூளையில் பல்பு எரிந்தது. கூட ஒரு வெள்ளைக்காரரைக் கூட்டிக்கொண்டு போனால் எந்த ஆபீசிலும் நாற்காலி போடுவார்கள் என்பது நாம் சுதந்திரம் வாங்கியபின்னும் பத்திரமாகக் காப்பாற்றிவரும் பழக்கம். மறுநாளே பஸ் ஸ்டாண்டு முன்னால் ஃப்ளெக்ஸ் நின்றது: ‘டென்மார்க்கின் தடுப்புச் சுவரே, வருக!’ கூலிங்கிளாஸ் போட்ட தங்கப்பாண்டியன் ஆளுயரத்துக்கு நின்றார். தடுப்புச் சுவர் கீழ் ஓரத்தில் பாஸ்போர்ட் அளவில் இருந்தது.

அலுவலகத்தில் நிஜமாகவே நாற்காலி போட்டார்கள்.

“இவுக யாரு?” என்றார் பலவேசம்.

“டென்மார்க் நாட்டுக்கு ஆடுனவுக சார். பெரிய ஆளு.”

“எத்தன கோல் போட்டிருக்காக?”

தங்கப்பாண்டியன் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டார். மோகன் சார் இரண்டு விரலைக் காட்டி, ஒரு விரலை வெட்கத்தோடு மடக்கினார்.

“ரெண்டு சார். அதுல ஒன்னு அவுக பக்கத்துலயே போட்டது.”

“பத்து வருசத்துக்கா? அந்த ஊர்ல மெமோவே குடுக்க மாட்டாகளா?”

“கோல் போடுறது அவுக சோலி இல்ல சார். அடுத்தவுகளப் போடவிடாம மறிக்கிறதுதான்.”

பலவேசம் நிமிர்ந்து உட்கார்ந்தார். “இதுக்குன்னே சம்பளம் குடுத்து ஆள் வச்சிருக்காகளா?” என்றவர், பியூன் சின்னக்கருப்பைக் கூப்பிட்டு விருந்தாளிக்கு டீ சொன்னார். இரண்டு நாடுகளும் எவ்வளவு நெருக்கம் என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

டீ வந்தது. மனு நகரவில்லை. ஈஸ்வரபாண்டி மனுவைத் தொடாமலே, “இது என் சீட் இல்ல, அங்கன குடுங்க” என்றார். அங்கன இருந்த சொர்ணலதா தபால் பிரிவு. “தபால் பன்னெண்டு வரைக்கும்தான்” என்று சுவரைக் காட்டினார். சுவர்க் கடிகாரம் எப்போதோ பன்னிரண்டு தாண்டி நின்றுபோயிருந்தது. அடுத்த மேஜைக்காரர் முத்திரை இல்லையே என்று வருத்தப்பட்டார். முத்திரை வைத்திருப்பவர் லீவு. அவருக்குப் பதில் பார்ப்பவர் ஈஸ்வரபாண்டி. தங்கப்பாண்டியன் திரும்ப ஈஸ்வரபாண்டியிடம் வந்தபோது அவர் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்திருந்தார்.

பெஞ்சில் ராக்கம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய வெள்ளாடு வேலி போடுகிற அன்று உள்ளே மேய்ந்துகொண்டிருந்து, அப்படியே பூட்டுக்குள் மாட்டிக்கொண்டது. ஆட்டை வெளியே விடக் கோரி அவள் மனுக் கொடுத்திருந்தாள். ஆடு உள்ளேயே இரண்டு குட்டி போட்டுவிட்டது. குட்டிகளுக்குத் தனி மனு எழுதச் சொல்லியிருந்தார்கள்.

தங்கப்பாண்டியன் சோர்ந்துபோய்த் திரும்பினால், மோகன் சார் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பரிதாபப்படுகிறார் என்று நினைத்தார். அதுவல்ல.

“இப்படி ஒரு தடுப்பு வரிசையை நான் உலகத்தில் எங்கேயும் பார்த்ததில்லை,” என்றார் மோகன் சார். “ஒருவரைத் தாண்டினால் அடுத்தவர் சரியாக அங்கே இருக்கிறார். ஒருவரும் ஓடவில்லை. ஒருவருக்கும் வியர்க்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளக்கூட இல்லை. இதைத்தான் நான் இருபது வருஷமாகக் கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு பயலுக்கும் வரவில்லை.”

மறுநாள் முதல் அவர் பெஞ்சில் ராக்கம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து, மனுக்கள் தடுக்கப்படும் அழகைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அடுத்த வாரம் பலவேசத்திடம் போய் விஷயத்தைச் சொன்னார். எல்லைப்புற செவன்ஸ் போட்டி வருகிறது. பக்கத்துக்கு ஏழு பேர் ஆடுவது. லீவில் இருப்பவர் போக, அலுவலகத்தில் சரியாக ஏழு பேர் இருக்கிறார்கள்.

“ஓடணுமே?” என்று கவலைப்பட்டார் பலவேசம்.

“கூடவே கூடாது,” என்றார் மோகன் சார்.

மைதானம் ‘அலுவலகப் பணிக்காக’த் திறக்கப்படலாம் என்று ஓர் ஆணை பிறந்தது. தீபாவளியிலிருந்து அசையாத சாவி, ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் ஆணியிலிருந்து இறங்கி வந்தது. ஆட்டை மட்டும் வெளியே விடவில்லை. அதன் விவகாரம் நிலுவையில் இருந்தது.

தங்கப்பாண்டியனுக்குப் பொறுக்கவில்லை. “எங்க பயலுகளுக்குச் சொல்லித்தருவீகன்னு கூட்டியாந்தா, இவுகளுக்குப் போய்ச் சொல்லித்தாறீகளே சார்,” என்றார்.

“உங்கள் பையன்கள் நன்றாக ஓடுகிறார்கள். அதுதான் அவர்களுடைய குறை,” என்றார் மோகன் சார்.

பலவேசம் தங்கப்பாண்டியனைத் தனியே கூப்பிட்டுச் சமாதானம் சொன்னார். “கப்பு மட்டும் வரட்டும் செயலாளரே. அப்புறம் நாங்களும் வெளையாட்டுக்காரகதான? ஒங்க வலி எங்களுக்குத் தெரியாதா? மறுநாளே வந்து காயிதத்த வாங்கிக்கங்க.” இதைக் கேட்டபின் தங்கப்பாண்டியன் தன் காசில் ஏழு ஜெர்சி தைத்துக் கொடுத்தார்.

பயிற்சி சுலபமாக முடிந்தது. ஆபீசில் செய்வதை அப்படியே இங்கேயும் செய்யுங்கள், புதிதாக எதையும் முயன்று கெடுத்துக்கொள்ளாதீர்கள் என்பதே மோகன் சாரின் பாடம். சொர்ணலதாவைக் கோல் காக்க நிறுத்தினார். அந்தப் பாடத்தை வைத்தே அணி இறுதி ஆட்டம்வரை வந்தது; அது உத்தமபாளையம் மைதானத்திலேயே நடந்தது. பெண்பிள்ளை ஆடலாமா என்று இறுதி ஆட்டத்தன்று கேரளத்துக் குமுளி அணி ஆட்சேபித்தது. ஆட்சேபத்தை எழுத்து மூலம் மைதானப் பாதுகாப்பு அலுவலகத்தின் தபால் பிரிவில் கொடுக்கச் சொன்னார்கள். தபால் பிரிவு கோல் கம்பத்துக்கு நடுவில் நின்றுகொண்டிருந்ததால் அதை வாங்க ஆளில்லை.

குமுளிக்காரர்கள் செவன்ஸில் எமகாதகர்கள். அவர்களுடைய முன்னாட்டக்காரன் பந்தோடு புயலாக வந்தான். ஈஸ்வரபாண்டி மறிக்கவில்லை. அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கழுத்தை மட்டும் இடது பக்கம் திருப்பி, “அங்கன” என்றார். அவன் தன்னையறியாமல் அங்கன போனான். அங்கன இருந்தவர் வலது பக்கம் காட்டினார். வலதில் சின்னக்கருப்பு, ஆபீஸ் வாசலில் நிற்கிற அதே நிற்பில் நின்று, “சார் மீட்டிங்ல இருக்காக” என்றார். நடுவே பலவேசம் அசையாமல் நின்றார். அவரைச் சுற்றி இரண்டு வட்டம் அடித்ததும் பையனுக்கு எந்தப் பக்கம் கோல் என்பதே மறந்துவிட்டது. தப்பித்தவறி ஒரு பந்து சொர்ணலதாவிடம் போனால், அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடுவர் மூன்று தரம் ஞாபகப்படுத்தும்வரை விடமாட்டார்.

வேலியோரம் ஊரே நின்றது. பாதிப் பேர் அந்த ஆபீசுக்கு நடந்து செருப்புத் தேய்ந்தவர்கள். முதலில் அவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டுதான் பார்த்தார்கள். போகப் போக, தங்களை அலைக்கழித்த அதே ‘அங்கன’ கேரளத்துக்காரனை அலைக்கழிப்பதைக் கண்டதும் அவர்களுக்கு ரோமம் சிலிர்த்தது. நம்ம ஆபீசு, நம்ம ஆளுக. தங்கப்பாண்டியன் தொண்டை கிழியக் கத்தினார்: “விடாதீக! ஈஸ்வரபாண்டி, விடாதீக!” ராக்கம்மாள் முந்தானையைச் சுழற்றினாள்.

இரு பக்கமும் கோல் இல்லை. பெனால்டிக்குப் போனார்கள். முதல் உதை அலுவலகத்துக்கு. சின்னக்கருப்பு பந்தை வைத்துவிட்டு, உதைக்கலாமா என்று பலவேசத்திடம் கேட்கப் போனார். உதைக்கலாம் என்று விதியில் இருக்கிறதா என்று பலவேசம் கேட்டார். விதிப் புத்தகம் ஆபீஸ் பீரோவில் இருந்தது. பீரோ சாவி லீவில் போனவர் வீட்டில். ஆள் அனுப்பினார்கள். பொழுது சாய்ந்தது. குமுளி கேப்டன் மணியைப் பார்த்தான், தன் ஆட்களைப் பார்த்தான். “மதி, பிள்ளேரே. லாஸ்ட் பஸ் போகும்,” என்றான்; மதி என்றால் அவர்கள் பாஷையில் போதும். எல்லோரும் ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, தலையைத் தொங்கப் போட்டபடி பஸ் ஸ்டாண்டைப் பார்க்க நடந்தார்கள். அந்த நடை ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் பழக்கமான நடைதான். எதிரணி ஆஜராகவில்லை என்று எழுதி, கோப்பையை அலுவலகத்துக்குக் கொடுத்தார்கள். ஏழு பேரையும் தோளில் தூக்கிக்கொண்டு கடைவீதி சுற்றினார்கள்.

மறுநாள் மோகன் சார், தான் பயிற்சி கொடுத்ததற்கு ஒரு சான்றிதழ் கேட்டுப் போனார். ஈஸ்வரபாண்டி நிமிராமலே, “திங்கக்கெழம வாங்க” என்றார். மோகன் சார் அவரைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, சான்றிதழ் இல்லாமலே விமானம் ஏறினார். ஊருக்குப் போய்ப் பயிற்சியாளர் தொழிலை விட்டுவிட்டு நகராட்சி ஆபீஸ் வேலைக்கு மனுப் போட்டதாகக் கேள்வி. மனுவை அங்கே அன்றைக்கே பார்த்து வேலை கொடுத்துவிட்டார்களாம். மனுஷர் மனமொடிந்து போனார்.

பலவேசம் சொன்னபடி தங்கப்பாண்டியன் காகிதம் வாங்கப் போனார். பாராட்டு விழாக்கள் முடியட்டும் என்றார்கள். முடிந்தபின் போனபோது அது பங்குனிக் கடைசி. இன்று விட்டால் லீக் இல்லை. பயல்கள் சரவெடி வாங்கிக்கொண்டு கேட்டுக்கு வெளியே காத்திருந்தார்கள்.

உள்ளே பெஞ்சு நிறைய ஆள். ராக்கம்மாள் குட்டிகளின் மனுவோடு முன்னால் போனாள். “பேரப்புள்ளைக மாதிரி இருக்கும்யா, கண்ணுலயாச்சும் காட்டுங்க,” என்றாள். சொர்ணலதா சுவரைக் காட்டினார். “என்னா தடுப்புடா!” என்றது பெஞ்சு. எல்லோரும் கை தட்டினார்கள். ராக்கம்மாளும் சிரித்துக்கொண்டே தட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

தங்கப்பாண்டியன் போய் நின்றார். “இன்னிக்கிதான் கடைசி, ஈஸ்வரபாண்டி. ஒங்க கையெழுத்து ஒன்னுதான். பயலுக வெளிய நிக்கிறானுக,” என்றார்.

ஈஸ்வரபாண்டி அவரை ஏற இறங்கப் பார்த்தார். கழுத்தை இடது பக்கம் திருப்பினார். “அங்கன.”

பெஞ்சு எழுந்து நின்று ஆரவாரித்தது. விசில் பறந்தது. பலவேசம் அறையிலிருந்து வந்து கும்பிட்டார். தங்கப்பாண்டியனுக்குக் கண் இருட்டியது. அந்த இருட்டிலும் அவர் கை இரண்டும் ஊரோடு சேர்ந்து தட்டிக்கொண்டிருந்தன. நிறுத்திப் பார்த்தார், உடனே நிற்கவில்லை.

வெளியே பயல்களுக்கு உள்ளே கேட்ட கைதட்டல் போதுமானதாக இருந்தது. அனுமதி கிடைத்துவிட்டது என்று ஒருவரை ஒருவர் தூக்கிக் குதித்தார்கள். சரவெடியைக் கொளுத்தினார்கள். தெரு முழுக்கப் புகை. தங்கப்பாண்டியன் ஓடிவந்து, “ஏலே, நிறுத்துங்கடா” என்று கத்தியது வெடிச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

புகை அடங்குவதற்குள் சின்னக்கருப்பு வந்து நின்றார். கையில் ஒரு காகிதம். முன் அனுமதியின்றிப் பாதுகாக்கப்பட்ட மைதானத்தின் அருகில் வெடி வெடித்ததற்காகக் கிளப்பை ஏன் தடை செய்யக் கூடாது என்று கேட்டிருந்தது. முத்திரை, தேதி, மூன்று கையெழுத்து எல்லாம் சரியாக இருந்தன. அதுவரை அந்த அலுவலகத்திலிருந்து ஒரு காகிதம் வெளியே வந்து ஊர் பார்த்ததே இல்லை.

ஜன்னலில் பெஞ்சு ஆட்கள் தலைகள் தெரிந்தன. அங்கிருந்து யாரோ “கோல்!” என்றார்கள். ஊரே கத்தியது. தங்கப்பாண்டியன் நோட்டீஸைக் கையில் பிடித்தபடி திரும்பிப் பார்த்தார். விஷயம் என்னவென்று இன்னும் தெரியாத அவருடைய பயல்கள், மற்ற எல்லோரையும்விடப் பலமாகக் கை தட்டிக்கொண்டிருந்தார்கள்.