பழைய எபிசோடுக்கு ஒரு மொட்டை

திருப்பதிக்கு வருகிறவர்கள் வேலை வேண்டும், வரன் வேண்டும், வயிற்றுவலி தீர வேண்டும் என்று வேண்டிக்கொள்வார்கள். ஒரு வெளிநாட்டு டிவி தொடரின் பழைய எபிசோடுகளை நிறுத்திவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டு மொட்டை போட்டவர் இந்த அண்டத்திலேயே ஒருவர்தான். எங்கள் அட்டைக் கப்பல் அக்கா.

தெருவுக்குத் தெரு கேபிள் வயர் ஓடிய காலம். கம்ப்யூட்டர் படித்த பையன்களெல்லாம் அமெரிக்காவுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் திருப்பதியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுத்துக்கொண்டு, வேலை பார்க்கும் பெண்களுக்கான விடுதியில் தங்கியிருந்தேன். அக்காவும் அங்கேதான். தமிழ்நாட்டு எல்லையோரத்து நகரிப் பக்கத்துக்காரர். ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் உட்கார்ந்திருந்தார்.

விடுதியில் ஒரே டிவி. விண்வெளிக் கப்பல் ஒன்று கிரகம் கிரகமாகச் சுற்றுகிற ஆங்கிலத் தொடர் அதில் ஞாயிறுதோறும் வரும். மதியம் இரண்டு மணிக்குப் பழைய எபிசோடு, சாயங்காலம் புதுசு. பழையதில் கப்பல் அட்டையில் செய்தது. அதைத் தொங்கவிட்ட கயிறு பளிச்சென்று தெரியும். வேற்றுக்கிரகத்து ஆள் வேகமாகத் திரும்பினால் கொம்பு கழன்றுவிடும். ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே பூமியை மிரட்டுவார். புதுசில் எல்லாம் கம்ப்யூட்டர் வேலை. நட்சத்திரம் வெடித்தால் நாங்கள் தலையைக் குனிந்துகொள்வோம்.

விடுதி முழுக்கப் புதுசுக் கட்சி, நான் உள்பட. பழசுக் கட்சிக்கு அக்கா ஒருவர்தான் தலைவர், செயலாளர், தொண்டர் எல்லாம்.

கயிறு தெரிகிறதே என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"தெரிஞ்சா இன்னா? நம்மள ஏமாத்தலன்னு ஆவுது இல்ல" என்றார் அக்கா. "உங்க புதுசுல கப்பல் நிஜமாட்டம் கீது. மனுசங்கதான் அட்டையாட்டம் கீறாங்க."

அன்றிலிருந்து அட்டைக் கப்பல் அக்கா என்ற பெயர் நிலைத்துவிட்டது.

அக்காவுக்கு ஆங்கிலம் அரைகுறை. எங்களில் பலருக்கு அதுவும் கிடையாது. ஆகவே பழைய எபிசோடுக்கு அக்காவே தமிழில் வசனம் சொல்லிக்கொண்டு வருவார், நடுநடுவே தெலுங்கும் கலந்து. கேப்டன் வாயைத் திறந்து மூடினால் போதும், அக்கா அரைப் பக்கத்துக்குப் பேசுவார். அடுத்த ஆள் பேச ஆரம்பித்திருப்பார், அக்கா இன்னும் முந்தின ஆளையே முடித்திருக்க மாட்டார். பல்லைப் பிடித்துக்கொண்டு வரும் நோயாளிகளுக்கும் ஆஸ்பத்திரியில் இந்தக் கதைதான் நடக்கும் என்று கேள்வி. பதில் பேச முடியாதவர்கள் என்பதால் அவர்களை அக்காவுக்கு ரொம்பப் பிடிக்கும்.

இப்படி இருக்கையில், பழைய எபிசோடுகளை நிறுத்தப்போகிறார்கள் என்று கேபிள்காரர் வந்து சொன்னார். அக்கா இரண்டு வேளை சாப்பிடவில்லை. பிறகு மலையைப் பார்த்துக் கும்பிட்டு, நிற்காமல் இருந்தால் முடி தருகிறேன் என்று நேர்ந்துகொண்டார். அடுத்த ஞாயிறும் கப்பல் வந்தது, அதற்கடுத்த ஞாயிறும் வந்தது. விசாரித்தால், கேபிள்காரர் வேறொரு சேனலைப் பற்றிக் கேட்டதை மாற்றிச் சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் வேண்டுதலே செல்லாது என்று நாங்கள் எல்லோரும் வாதாடினோம். பின்னலே இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி அது.

"பெருமாளாண்ட போயி, கேபிள்காரரு தப்பா சொல்லிட்டாரு சாமின்னு சொல்றதா?" என்று கேட்டுவிட்டு அக்கா மலையேறிவிட்டார்.

சந்தன மொட்டையோடு இறங்கி வந்த மறுநாள் வீட்டிலிருந்து போன். புத்தூரிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள், மாப்பிள்ளை சீக்கிரமே அமெரிக்கா போகப்போகிறவர், இந்த ஞாயிற்றுக்கிழமை, மதியம் இரண்டு மணிக்கு. அக்காவுக்கு உடனே கவலை வந்தது. மொட்டையைப் பற்றி அல்ல, மணியைப் பற்றி.

துணைக்கு நானும் போனேன். அக்காவின் அம்மா தலையைப் பார்த்து அழுது முடித்து, முக்காடு போட்டுவிட்டு, டிவி பக்கம் இவளை விடாதே என்று என்னிடம் கேட்டுக்கொண்டார். வேண்டுதல் என்னவென்று கேட்டால் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லவேண்டும் என்று ஏற்பாடு.

மாப்பிள்ளையின் அம்மா கேட்டார். அக்கா சொன்னார்: "நைனா கல்லாட்டம் கீறாரும்மா. நான் டிவி சீரியலுக்காகப் போட்டேன்."

அக்காவின் அப்பா உட்கார்ந்தபடியே கண்ணை மூடிக்கொண்டார். மாப்பிள்ளை மட்டும் எந்த சீரியல் என்று கேட்டார். அக்கா சொன்னதும், அதில் புதுசுதான் நன்றாக இருக்கும், பழசை ஒருநாளும் உட்கார்ந்து பார்த்ததில்லை என்றார். பார்க்காமல் எப்படிச் சொல்கிறீர்கள் என்று அக்கா எழுந்துபோய் டிவியைப் போட்டார். நான் தடுக்கத்தான் பார்த்தேன். புயலை முறத்தால் தடுக்க முடியுமா?

கொம்புக்காரர்கள் கப்பலைச் சூழ்ந்திருந்தார்கள். கேப்டன் கையை நீட்டி ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"'நாங்க சண்டைக்கு வரலப்பா, வழி தெரியாம வந்துட்டோம், கொஞ்சம் தண்ணி குடுத்தீங்கன்னா குடிச்சிட்டுப் போய்க்கினே இருப்போம்'னு சொல்றாரு" என்றார் அக்கா.

மாப்பிள்ளை குழம்பிப்போனார். "அவரு 'நில்லு'ன்னுதானங்க சொன்னாரு?"

"அவரு அவ்ளோதாங்க சொன்னாரு. இவ்ளோ சொல்லி இருக்கணும்."

மாப்பிள்ளை சிரிக்க ஆரம்பித்தார். கையிலிருந்த காபி சட்டையில் சிந்தியதுகூடத் தெரியாமல் சிரித்தார். அப்புறம் நாற்காலியை டிவி பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவருடைய அம்மாவின் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை. கடைசியில் கப்பல் தீப்பிடிக்கிற இடத்தில் தொடரும் போட்டுவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டாரும் முடிவு சொல்லாமல் புத்தூர் பஸ் ஏறிவிட்டார்கள்.

சம்பந்தம் முறிந்தது என்று வீடே துக்கம் காத்தது. அடுத்த ஞாயிறு சரியாக இரண்டு மணிக்கு மாப்பிள்ளை தனியாக வந்து வாசலில் நின்றார். முடிவு என்ன தம்பி என்று அக்காவின் அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டாராம். "எபிசோடு முடியட்டும் மாமா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாராம். 'மாமா' என்ற சொல்லைக் கேட்ட பிறகு அவர் வேறெதுவும் கேட்கவில்லை.

நாராயணவனத்தில் கல்யாணம். குட்டை முடியில் ஊக்கு குத்தி வைத்த சவுரி, அக்கா குனிந்து நிமிரும்போதெல்லாம் கழன்றது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே தாலி கட்டிக்கொண்டார். புதுசுக் கட்சி மொத்தமும் முதல் வரிசையில் உட்கார்ந்து சிரித்தோம். மாப்பிள்ளையும் புதுசுக் கட்சிதான், கடைசிவரை மாறவில்லை. அமெரிக்காவில் இன்றைக்கும் அந்தச் சண்டை நடப்பதாகத் தகவல்.

அக்கா விமானம் ஏறிய வாரம், ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு யாரோ டிவியைப் போட்டார்கள். எல்லோரும் வந்து உட்கார்ந்தோம். கேப்டன் பேசினார். அவர் பேசியது ஒன்றும் எங்களுக்குப் புரியவில்லை. ஆனாலும் முடிகிறவரை ஒருத்தியும் எழுந்து போகவில்லை.