அடுப்படிப் பொறுப்பு ஒப்படைப்பு

ஓய்வு பெற்ற ஒவ்வொருவரும் தமக்கென ஒரு தென்கிழக்கு ஆசிய நாட்டைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் குடியிருப்பில் எழுதப்படாத சட்டமாகிவிட்டது. முன்பெல்லாம் ஓய்வு பெற்றவர்கள் காலையில் நடக்கப் போனார்கள். மொட்டை மாடியில் தக்காளிச் செடி வைத்தார்கள். குடியிருப்போர் சங்கத்தில் சேர்ந்து தண்ணீர்த் தொட்டிக்காகச் சண்டை போட்டார்கள். அதெல்லாம் இப்போது பழைய மோஸ்தர். லிஃப்டில் பார்த்தால் "சௌக்கியமா?" என்று யாரும் கேட்பதில்லை, "எந்த நாடு?" என்றுதான் கேட்கிறார்கள். இன்னும் முடிவு செய்யவில்லை என்று சொன்னால், பரீட்சையில் கோட்டை விட்ட பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள். எனக்கு ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது; என்னையே அப்படித்தான் பார்க்கிறார்கள். எனக்கு ஒரு மனைவியும் உண்டு. அவள் இந்தக் கதையில் கடைசியில்தான் வருவாள். அதுவரைக்கும் சமையலறையில் இருக்கிறாள்.

எங்கள் மேல்வீட்டுக்காரர் தணிக்கைத் துறையில் இருந்தவர். குடியிருப்பில் எல்லாருக்கும் அவர் ஆடிட் சார். யாரோ ஒரு அலுவலகத்தில் யாரோ வாங்கிய ஒரு பென்சிலுக்கு மூன்று வருஷம் விடாமல் விளக்கம் கேட்டு எழுதியவர். அப்படிப்பட்ட மனிதர் ஒரு நாட்டை எடுத்தோம் கவிழ்த்தோம் என்று தேர்ந்தெடுத்துவிடுவாரா? தாய்லாந்து, மலேசியா, வியட்நாம், கம்போடியா, பிலிப்பைன்ஸ் எல்லாவற்றையும் வரிசையாக நிறுத்தி விசாரணை நடத்தினார். ஒன்றில் வெயில் அதிகம் என்றார். இன்னொன்றில் மழை அதிகம் என்றார். மூன்றாவதில் வெயிலும் சரியாக இருந்தது, மழையும் சரியாக இருந்தது. அதுவே அவருக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. இதில் எந்த நாட்டிலும் அவர் கால் வைத்ததில்லை. எல்லாம் கைபேசியில், அரைக்கால் சட்டை போட்ட யாரோ ஒருவர் கடற்கரையில் நின்று பேசும் வீடியோவைப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான்.

தெரிந்துகொண்டதை உடனே சமையலறை வாசலில் வந்து நின்று மனைவியிடம் சொல்வார். அந்த அம்மாளை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அக்கா ஒரே ஒரு கேள்விதான் வைத்திருந்தார்.

"அங்க யாருங்க சமைப்பாங்க?"

"நான் ஆஸ்பத்திரி வசதியைப் பத்திச் சொல்லிட்டு இருக்கேன்!"

"ஆஸ்பத்திரி இருக்கட்டும். சமையல் யாரு?"

"நீதான்."

"பாத்திரம் யாரு தேய்ப்பா?"

"நீதான்... ரெண்டே பேரு, சின்ன வீடு. பின்னாடியே கடல்!"

"எந்த ஊர்க் கடலா இருந்தா என்னங்க, நான் அதுக்கு முதுகைக் காட்டிக்கிட்டுத்தானே நிக்கப்போறேன்."

அக்காவுக்குக் கடல் பிடிக்காமல் இல்லை. என்னிடம் ஒரு தடவை மனசு விட்டுச் சொன்னார். "ஒரு நாளாச்சும் யாராவது டீ போட்டுக் கொண்டாந்து குடுக்கணும் தம்பி. அதைக் குடிச்சுக்கிட்டு நான் கடலைப் பார்த்துட்டு சும்மா உக்காந்திருக்கணும்." கேட்க எனக்கு ரொம்பப் பாவமாக இருந்தது. அப்போது நான் அவர் போட்டுக் கொடுத்த டீயைத்தான் குடித்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் ஆடிட் சார் ஒரு தீவு நாட்டைத் தேர்ந்தெடுத்தார். ஓய்வு பெற்றவர்கள் வந்து வருஷக்கணக்கில் கால் நீட்டிக் கிடக்கலாம் என்று அந்த நாடு ஒரு நீண்டகால விசா வைத்திருந்தது. நாங்கள் மூவரும் விசா மையத்துக்குப் போனோம். நான் எதற்கு? நாளைக்கு எனக்கும் உதவும் என்றுதான்.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு அதிகாரி. சட்டையில் சுருக்கமே இல்லை, முகத்திலும் இல்லை. தாள்களைப் புரட்டினார்.

"சாரோடது சரியா இருக்கு. அம்மா எப்ப ஓய்வு பெற்றாங்க?"

"அவ வேலைக்கே போனதில்லை சார்" என்றார் ஆடிட் சார்.

"இன்னைக்குக் காலையில வீட்ல யாரு சமைச்சது?"

"அவதான்."

"நாளைக்கு?"

"அவதான்."

"அப்ப பணியில இருக்காங்க. பணியில இருக்கறவங்களுக்கு ஓய்வு பெற்றோர் விசா கிடையாது."

"சம்பளம் ஒண்ணும் வாங்கலையே!"

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "அது இன்னும் ஆபத்து சார். சம்பளமே இல்லாம வேலை செய்யற ஒருத்தரை உள்ள விட்டா, அந்த நாட்டுத் தொழிலாளிங்க பிழைப்பு என்ன ஆகறது?"

யோசித்துப் பாருங்கள், அதுவும் நியாயம்தானே. ஆடிட் சார் இறங்கி வந்தார்.

"என்ன செய்யணும்?"

"முதலாளிகிட்ட இருந்து பணி விடுவிப்பு உத்தரவு வேணும்."

"முதலாளின்னா யாரு?"

"யாரு உக்காந்து சாப்பிட்டாங்களோ அவங்க."

அன்று முழுவதும் வாயைத் திறக்காத அக்கா அப்போதுதான் பேசினார். "சார், நான் வேலையில இருக்கேன்னு ஏதோ சொன்னீங்களே, அதை இன்னொரு தடவை சொல்லுங்க."

அதிகாரி சொன்னார். "எதுக்கும்மா?"

"சும்மாதான். கேக்க நல்லா இருந்துச்சு."

ஆடிட் சார் வீட்டுக்கு வந்து உத்தரவு எழுதினார். என்ன இருந்தாலும் பழகிய கை. "மேற்படி இல்லத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் இடைவிடாது பணியாற்றிய, இடையில் இரு பிரசவங்களுக்காக மட்டும் விடுப்பு எடுத்த, எடுத்த விடுப்பிலும் பாதியில் பணிக்குத் திரும்பிய எனது மனைவியார், இன்று பிற்பகல் முதல் அனைத்து அடுப்படிப் பொறுப்புகளிலிருந்தும் விடுவிக்கப்படுகிறார்." வாசித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அக்கா உத்தரவை வாங்கி இரண்டு முறை படித்தார். பிறகு ஆடிட் சார் பசிக்கிறது என்றார். அக்கா உத்தரவை அவர் முன்னால் வைத்தார்.

மறுநாள் அதிகாரி அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"பொறுப்பை யாருகிட்ட ஒப்படைச்சாங்கன்னு இல்லையே. பொறுப்பை ஒப்படைக்காம எப்படி ஓய்வு? நீங்க தணிக்கையில இருந்தவர், உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். நன்றாகவே தெரியும். ஒரு முக்காலியை முறைப்படி ஒப்படைக்கவில்லை என்று ஒரு கடைநிலை ஊழியரின் ஓய்வூதியத்தை ஐந்து வருஷம் நிறுத்தி வைத்த மகானே இவர்தான். விதியோடு சண்டை போட அவருக்கு மனசு வரவில்லை. "நானே பொறுப்பேத்துக்கறேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

அன்று மாலை அடுப்படியில் ஒப்படைப்பு நடந்தது. சாட்சி நான். அக்கா கரண்டியை நீட்டினார். ஆடிட் சார் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"இந்த டப்பாவுல என்ன இருக்கு?"

"திறந்து பாருங்க."

"பேர் ஒட்டி வெச்சிருக்கக் கூடாதா? இதெல்லாம் தணிக்கையில பெரிய குறை."

"முப்பத்து நாலு வருஷமா நீங்க ஆய்வுக்கு வரவே இல்லையேங்க" என்று சொல்லிவிட்டு அக்கா கூடத்துக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். அது ஆடிட் சாருடைய நாற்காலி. அதில் இவ்வளவு நன்றாகச் சாய்ந்துகொள்ளலாம் என்று அன்றுதான் தெரிந்ததாம்.

அப்புறம் கள ஆய்வு. விண்ணப்பதாரர் உண்மையாகவே ஓய்வில் இருக்கிறாரா என்று நேரில் பார்க்க அதே அதிகாரி வீட்டுக்கு வந்தார். ஆய்வு முடியும் வரை அக்கா நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது, எழுந்தால் விசா போச்சு. ஆடிட் சார் பாலை அடுப்பில் வைத்துவிட்டு, அதிகாரியின் கேள்விகளுக்குப் பதில் சொல்லக் கையில் கரண்டியோடு கூடத்துக்கு வந்துவிட்டார்.

பேச்சு வளர்ந்தது. உள்ளே பால் பொங்கி வழிந்து அடுப்பில் சொய்ங் என்று விழுந்தது.

ஆடிட் சார் அக்காவைப் பார்த்தார். அதிகாரி அக்காவைப் பார்த்தார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் அக்காவைத்தான் பார்த்தேன்.

அக்கா ஜன்னலைப் பார்த்தார். ஆனால் கை இரண்டும் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தன. பால் தரைக்கு இறங்கியது. நெருப்பு அணைந்து கேஸ் வாசனை வர ஆரம்பித்தது.

"சார், கேஸை மூடுங்க!" என்று அதிகாரி கத்தினார்.

ஆடிட் சார் உள்ளே ஓடினார். "எந்தப் பக்கம் திருகணும்?"

"வலது பக்க..." என்றார் அக்கா.

"அம்மா! ஆலோசனை சொல்றதும் பணிதான்!" என்றார் அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு.

அக்கா வாயை மூடிக்கொண்டார். ஆடிட் சார் இருந்த எல்லாக் குமிழ்களையும் எல்லாப் பக்கமும் திருகினார். ஏதோ ஒன்று சரியாக அமைந்து நாங்கள் உயிர் பிழைத்தோம். அதிகாரி வாசலுக்கு ஓடிப்போய் நின்று, "விண்ணப்பதாரரின் ஓய்வு ஐயத்திற்கு இடமின்றி நிரூபணமானது" என்று எழுதினார்.

ஒரு வாரத்தில் கூப்பிட்டார்கள். அக்காவுக்கு விசா கிடைத்துவிட்டது. ஆடிட் சாருக்கு இல்லை.

"ஏன் சார்?"

"நீங்க பணியில இருக்கீங்களே. கரண்டியும் கையுமா நானே கண்ணால பார்த்தேன்."

"அது அவளுக்காகப் பார்த்த வேலை சார்!"

"அம்மா மட்டும் யாருக்காகப் பார்த்தாங்க?"

"அப்ப நான் எப்ப ஓய்வு பெறலாம்?"

"அம்மா முப்பத்து நாலு வருஷம் செஞ்சிருக்காங்க. விதி எல்லாருக்கும் ஒண்ணுதான். இல்லேன்னா வேற யாருகிட்டயாவது பொறுப்பை ஒப்படைங்க."

ஆடிட் சார் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். அவர் பழக்க தோஷத்தில் அக்கா பக்கம் திரும்பினார்.

"நான் ஓய்வு பெற்றாச்சுங்க" என்றார் அக்கா, கைப்பையை மூடியபடி. "உத்தரவு போட்டதே நீங்கதானே."

அக்கா தனியாகவே போனார். விமான நிலையத்தில் "சாப்பாடு மேசை மேல..." என்று ஆரம்பித்து, சட்டென்று நிறுத்திக்கொண்டு, சிரித்தபடியே உள்ளே போய்விட்டார். பத்து நாளில் ஒரு படம் வந்தது. கடல், நாற்காலி, நீட்டிய கால்கள், யாரோ கொண்டுவந்து வைத்த டீ. ஆடிட் சார் அந்தப் படத்தை என்னிடம் காட்டி, "வெயில் அதிகம்னு நான் அப்பவே சொன்னேன், தொப்பி போட்டிருக்கா பாரு" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, நன்றாக வேண்டும் என்றும் இருந்தது.

படம் குடியிருப்பு முழுக்கச் சுற்றியது. அடுத்த நாளிலிருந்து விசா மையத்தில் பெண்கள் வரிசை. வரிசை வாசலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, பேருந்து நிறுத்தம் வரை போயிற்று. வீட்டுக்கு வீடு விடுவிப்பு உத்தரவு. வீட்டுக்கு வீடு தீய்ந்த வாசனை. மையத்து அதிகாரிகளுக்கு மதியச் சாப்பாடு வருவது நின்றது. நம் அதிகாரியின் சட்டையில் முதல்முறையாகச் சுருக்கம் தெரிந்தது. ஒரு நாள் வரிசையில் அடுத்த விண்ணப்பத்தை வாங்க அவர் நிமிர்ந்தபோது, எதிரே அவருடைய மனைவி நின்றுகொண்டிருந்தார்.

அன்று மாலையே சுற்றறிக்கை வந்துவிட்டது. ஆறு மாதம் ஆகும் காரியம் அரை நாளில் முடிந்தது. "பொதுநலன் கருதி இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில், வீட்டில் சமைத்தல், துலக்குதல், பெருக்குதல் ஆகியன பணி என்ற வரையறைக்குள் வரா. ஆகவே அவற்றிலிருந்து ஓய்வு பெறுதல் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஏற்கெனவே வழங்கப்பட்ட விசாக்களுக்கு இது பொருந்தாது."

குடியிருப்போர் சங்கத்தில் ஆண்கள் எல்லாரும் கைதட்டினோம். அதிகமாகத் தட்டியவர் ஆடிட் சார். அடுப்படி வேலை வேலையே இல்லை என்றால் அவர் பணியில் இல்லை. பணியில் இல்லை என்றால் அவருக்கும் விசா உண்டு! அங்கேயே நின்று அக்காவுக்குப் போன் போட்டு, எல்லாரும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தார்.

"தாராளமா வாங்க" என்றார் அக்கா. பின்னால் அலைச் சத்தம் கேட்டது. "வர்றப்ப கரண்டியை எடுத்துட்டு வாங்க."

"கரண்டி எதுக்கு?"

"அது வேலையே இல்லைன்னு சர்க்காரே சொல்லிட்டாங்களாமே. வேலை இல்லேன்னா உங்களுக்கு என்ன சிரமம்?"

ஆடிட் சார் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தேன். கதவைத் திறந்தால் என் மனைவி கூடத்தில் இருந்தாள். என் நாற்காலியில் உட்கார்ந்து சுற்றறிக்கையைப் படித்துக்கொண்டிருந்தாள். உள்ளே அடுப்பில் பால் சொய்ங் என்றது.

நான் அவளைப் பார்த்தேன். அவள் ஜன்னலைப் பார்த்தாள்.