அலாரத்தை மேலே ஏற்றியவர்

'ஒண்ணும் ஆகாது'க்காரர் என்று ஓர் இனம் உண்டு. கேஸ் புழங்கும் தொழிற்சாலை எதற்குள் நுழைந்தாலும் உங்களை முதலில் வரவேற்பவர் அவர்தான். 'புகை பிடிக்காதீர்' பலகையில் சாய்ந்தபடி, தீப்பெட்டியைத் தேடிக்கொண்டு நிற்பார்.

சிலிண்டர்களை நிமிர்த்தி நிறுத்திச் சங்கிலியால் கட்ட வேண்டும் என்பது விதி. கட்டவும் அவிழ்க்கவும் அவருக்கு ஏது நேரம்? படுக்கப் போட்டு உருட்டுவார், தீரும் தறுவாயில் மேலே வெந்நீரை ஊற்றிக் கடைசி மூச்சுவரை கறப்பார், கசிகிறதா என்று பார்க்கச் சோப்புத் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனால் விழுந்து விழுந்து சிரிப்பார். மூக்கு எதற்கு இருக்கிறது? இருபது வருஷ மூக்கு!

எனக்குத் தெரிந்த ஒருவர், இரும்பு அலமாரிகளுக்குப் பெயின்ட் அடித்துச் சூளையில் காயவைக்கும் பிரிவுக்கு மேற்பார்வையாளர். சூளைக்கு அடியில் ஆள் இறங்கும் குழி. அதில் இறங்கி பர்னரைத் துடைப்பவர் அவருடைய மனைவியின் சொந்தத் தம்பி. குழியோரம், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கசிவு அலாரம். வாரத்துக்கு இரண்டு தடவை அது அலறும். அலறினால் வேலை நிற்கும், எல்லோரும் வெளியே போய் வெயிலில் நிற்க வேண்டும், முதலாளி காரணம் கேட்பார்.

நம்மவர் காரணத்தைத் தேடவில்லை. அலாரத்தைக் கழற்றினார், ஏணி போட்டுக் கூரையோரம் மாட்டிவிட்டார்.

"மாமா, கேஸ் காத்தைவிட கனமாச்சே. கீழதான் தங்கும்னு பயிற்சியில சொன்னாங்களே?"

"சொன்னவன் என்னைக்காவது குழியில இறங்கியிருக்கானா? புகை மேலதான போகுது? கேஸ் மட்டும் எங்க போகும்? ஒண்ணும் ஆகாது மச்சான், இறங்கு."

அந்த மாதம் அலாரம் மூச்சுக் காட்டவில்லை. கசிவே இல்லாத பிரிவு என்று நிர்வாகம் அவருடைய படத்தைச் சுவரில் மாட்டியது. மைத்துனர் மட்டும் அடிக்கடி தலை சுற்றுகிறது என்றார்.

"காலையில சாப்பிடாம ஓடி வந்தா சுத்தாதா?"

மறு வாரம் ஒரு நாள் குழிக்குள்ளிருந்து சத்தமே வரவில்லை. பெயின்ட் அடிக்கும் அம்மாள் எட்டிப் பார்த்துக் கத்தினார். வெளியே இருந்த வால்வை மூடிவிட்டு, நாலு பேர் கயிற்றைப் பிடித்து மேலே இழுத்தார்கள்; அக்காவின் நச்சரிப்பு தாங்காமல் மைத்துனர் இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கிய கயிறு அது. சூளையை அன்று இன்னும் பற்றவைக்காதது அவர்கள் எல்லோருடைய அதிர்ஷ்டம்.

ஆஸ்பத்திரியில் தம்பி கண் விழித்த பிறகுதான் அக்காவுக்கு அழுகை வந்தது.

"அவனுக்கு ஏதாவது ஆயிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

நம்மவர் நிஜமாகவே புரியாமல் மனைவியைப் பார்த்தார்.

"ஆகலையே!"

அவரைத் திட்டுங்கள், தாராளமாகத் திட்டுங்கள். திட்டி முடித்த கையோடு உங்கள் சமையலறைக்குப் போய், அடுப்புக்கு வரும் ரப்பர் குழாயில் எந்த வருஷத்துக்குள் மாற்ற வேண்டும் என்று அச்சடித்திருக்கிறதே, அதைக் குனிந்து படியுங்கள். வீட்டில் யாராவது, "என்னங்க, தேதி தாண்டிப்போச்சா?" என்று கேட்பார்கள். அப்போது உங்கள் வாயிலிருந்து வரும் முதல் சொல்லை மட்டும் கொஞ்சம் கவனியுங்கள்.