பேர் வைக்காத புரோகிராமர்

புரோகிராமர்களில் பேர் வைக்காதவர் என்று ஓர் இனம் உண்டு. ஃபங்ஷன் என்பது கம்ப்யூட்டருக்குக் கட்டிக் கொடுக்கும் ஒரு வேலை. பேர் வைத்தால் வேண்டும்போது கூப்பிடலாம். வைக்காமலும் எழுதலாம், சின்ன வேலைக்குத் தப்பில்லை. நம்மவர் எந்த வேலைக்கும் வைக்க மாட்டார். ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி, அதற்குள் இன்னொன்றைத் திணித்து, கடைசியில் அடைப்புக்குறியாகப் போட்டு மூடிவிட்டு, நாற்காலியில் சாய்ந்து, "பாத்தீங்களா, எவ்வளவு கச்சிதம்!" என்பார். கச்சிதம்தான். யாருக்குப் புரிந்தது?

இவர் ஒரு பஸ் டிப்போவுக்கு, டிரைவர்கள் லீவு போடக் கம்ப்யூட்டரில் ஒரு திரை செய்து கொடுத்தார். நாலாம் நாள் விடிந்ததும் டிப்போ மேனேஜரம்மாவிடமிருந்து போன். ஓடினார். இருபத்தெட்டு பஸ் நிற்கிறது, புதுத் திரையில் ஆளுக்கு ஒரு நாள் லீவு கேட்டிருந்த டிரைவர்களும் நிற்கிறார்கள், ஆனால் மெஷினைக் கேட்டால் எல்லோரும் லீவில் இருக்கிறார்களாம்.

"நான் கேட்டது ஒரு நாள் தம்பி. ஒம்பது நாள் குடுத்திருக்கு. எம்பொண்டாட்டி உங்களைக் கும்பிடுறா" என்றார் ஒரு டிரைவர்.

"சும்மா இருங்கண்ணே" என்றார் மேனேஜர். "எட்டு மணிக்கு வண்டி போகணும். இல்லேன்னா இவரும் இவரோட மெஷினும் போகணும்."

நடந்தது இதுதான். திரையைத் திறக்கும்போதெல்லாம் லீவு பொத்தானுக்குப் பேரில்லாத ஒரு காவலாள், அதாவது அமுக்கினால் மேலும் ஒரு நாள் லீவு எழுதும் ஃபங்ஷன், வந்து உட்காருகிறான். மூடும்போது அவனைக் கிளப்பவும் நம்மவர் எழுதித்தான் இருந்தார். அதே வரிகளை, மறுபடி, பேரில்லாமலே. கம்ப்யூட்டருக்கு அது வேறு ஆள். அப்படி யாரும் இங்கே இல்லை என்று பேசாமல் இருந்துவிட்டது. ஒன்பது தடவை திறந்தால் ஒன்பது காவலாள். ஒரு அமுக்கு, ஒன்பது லீவு.

"லீவு குடுத்தது யாருன்னு காட்டுதா?"

"காட்டுது மேடம். பேரில்லாதவன். அவனைக் கூப்பிட்டவனும் பேரில்லாதவன்."

"மொத்தம் எத்தனை?"

"நூத்திப் பதினாலு."

"எல்லாம் நீங்க பெத்ததுதானே? ஒண்ணுக்காவது பேர் வெச்சுத் தொலைங்களேன்!"

பல்லைப் பிடுங்குவது போல முகத்தை வைத்துக்கொண்டு அந்தக் காவலாளுக்கு மட்டும் ஒரு பேர் வைத்தார். அந்தப் பேரைச் சொல்லி உட்காரவைத்தார், அதே பேரைச் சொல்லிக் கிளப்பினார். கிளம்பினான். வேண்டாத லீவெல்லாம் அழிந்தது. எட்டு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் முதல் பஸ் கேட்டைத் தாண்டியது.

"மிச்சம் நூத்திப் பதிமூணு?"

"அதெல்லாம் ஓடுதே மேடம்!"

சிரிக்கிறீர்களா? சரி. இன்று காலை, "அந்த இதை எடுத்து அதுல வை, நேத்து சொன்ன மாதிரி" என்று வீட்டில் உத்தரவு போட்டுவிட்டு, வைத்தது தப்பு என்று குதித்தது யார்?